ஈரல் ஆய்வின் கதை – 9: பித்தளையில் காய்ச்சிய பால்

சென்ற இதழில் வில்சன் நோயைப் பார்த்தோம். உணவில் வரும் செம்பைப் பித்தநீர் வழியாக வெளியேற்ற முடியாத ஈரல், அந்தச் செம்பாலேயே அழிகிறது. 1956-இல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் பெனிசிலமைன் என்ற மருந்தைக் கொடுத்து அந்தச் செம்பைச் சிறுநீரில் கரைத்து வெளியேற்றினார். அங்கே குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. அது பிறவியிலேயே பழுதான மரபணு. இந்த இதழில் வரும் வழக்கு அவ்வளவு எளிதானதல்ல. நூறாண்டுக்கு மேல் இந்தியக் குழந்தைகளைக் கொன்று, பிறகு இரண்டே தலைமுறைக்குள் ஏறக்குறைய மறைந்துபோன ஒரு நோய் அது. மருத்துவ நூல்கள் அதை இந்தியக் குழந்தைப்பருவ சிரோசிஸ் என்று அழைத்தன. அந்த ஈரல்களிலும் செம்பு மண்டிக் கிடந்தது. அது நோயை உண்டாக்கிய செம்பா, நோயால் தேங்கிய செம்பா என்பதுதான் கேள்வி. செம்பே காரணம், ஆனால் அது தனியாக வேலை செய்யவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். மறுத்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர் என்பதால் அவர்களுடைய கேள்விகளையும் முழுதாகக் கேட்டாக வேண்டும்.

1887-இல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் இந்த நோயைப் பதிவுசெய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அதே நகரத்தில் கிப்பன்ஸ் அதை விரிவாக எழுதி, பச்சிளம் குழந்தைகளின் பித்த சிரோசிஸ் என்று பெயரிட்டார். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள். பெரும்பாலோர் ஒன்று முதல் மூன்று வயதுக்காரர்கள். முதலில் காரணமில்லாத சிணுங்கல், விட்டுவிட்டு வரும் இளஞ்சுரம், மெல்ல உப்பும் வயிறு. தொட்டுப் பார்த்தால் விலா எலும்புக்குக் கீழே கூர்விளிம்போடு கல்லாய் இறுகிய ஈரல். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோப்பும் கடைசியில்தான் வரும். அவை வந்தபின் குழந்தை சில வாரமோ சில மாதமோதான் இருக்கும். ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் உண்டு. பரம ஏழைகளைவிட, மாடும் பாலும் உள்ள நடுத்தரக் கிராமக் குடும்பங்களில் இது அதிகம் தென்பட்டது. இந்தக் கடைசிச் செய்தி வெகுகாலம் புரியாத புதிராகவே நின்றது. சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யாவின் பெயரில் குழந்தைகளுக்கான ஈரல் மருந்து தலைமுறைகளாக விற்றது என்பதே, இந்த நோய் இங்கே எவ்வளவு பரவலாக அஞ்சப்பட்டது என்பதற்குச் சான்று.

காரணம் தேடியவர்கள் குறைவில்லை. 1955-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஈரல் நோய்த் துணைக்குழு அறிக்கை வெளியிட்டது. 1960-இல் சென்னையின் எஸ்.டி. ஆச்சாரும் பாலகோபால் ராஜுவும், நோய்க்கூறியல் அறிஞர் ஸ்ரீராமாச்சாரியும் சேர்ந்து எழுதிய கட்டுரை நோயை உலக அரங்கில் தெளிவாக வரைந்து காட்டியது. நெய் அதிகம் ஊட்டியது, தாய்ப்பாலில் கோளாறு, சத்துக்குறைவு, வைரஸ் காமாலை என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் செல்வாக்குப் பெற்றது. 1960-களில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் மீது பார்வை திரும்பியது. அந்த நச்சு கலந்த நிலக்கடலை மாவை உண்ட குழந்தைகளுக்கு சிரோசிஸ் வந்ததாக 1971-இல் மைசூரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கண்டுபிடிப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கடலை மாவையே காணாத ஒரு வயதுக் குழந்தைகளும் இதே நோயில் மாண்டார்கள். சத்துக்குறைவு என்பதும் நிற்கவில்லை. மிக மெலிந்த பிள்ளைகளைவிட ஓரளவு நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகளையே நோய் நாடியது. இந்த விளக்கங்களுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு. பிற ஈரல் நோய்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் திசு அடையாளத்தை அவற்றில் எதுவும் விளக்கவில்லை.

அந்த அடையாளம் விசித்திரமானது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஈரல் செல்கள் ஊதிப் பருத்து, அவற்றுக்குள் மாலரி உருக்கள் எனப்படும் திரண்ட புரதக் கட்டிகள் இருந்தன. அவை நெடுங்காலக் குடியர்களின் ஈரலில் காணப்படுபவை. ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அவற்றுக்கு என்ன வேலை? ஒவ்வொரு செல்லையும் சுற்றி நார்த்திசு பின்னிக் கிடந்தது. சிதைந்த இடத்தில் ஈரல் மீண்டும் முளைக்கும் முயற்சியே அநேகமாக இல்லை. 1978-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பெர்னார்ட் போர்ட்மனும் ஸ்டூவர்ட் டேனரும் உடன் உழைத்தவர்களும் இந்தத் திசுக்களை ஆர்சீன் என்ற சாயத்தில் தோய்த்தபோது செல்களுக்குள் கரும்பழுப்புத் துகள்கள் தெரிந்தன. செம்போடு பிணைந்த புரதத்தைக் காட்டும் சாயம் அது. மறு ஆண்டே டேனர் குழு, புனேயின் ஆனந்த் பண்டிட்டோடும் ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிலையத்தில் கால்நடைகளின் செம்புச் சத்தை ஆராய்ந்துவந்த மில்ஸ், பிரெம்னர் ஆகியோரோடும் சேர்ந்து செம்பின் அளவை அளந்து அறிவித்தது. உலர்ந்த ஈரல் ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்குள் செம்பு இருப்பது இயல்பு. 250-ஐத் தாண்டினால் வில்சன் நோயோ என்று ஐயுறுவார்கள். இந்தக் குழந்தைகளிடமோ 800-க்கு மேல் சாதாரணம், சிலரிடம் ஆயிரங்களில். ஆயினும் வில்சன் நோயில் குறையும் செருலோபிளாஸ்மின் என்ற இரத்தப் புரதம் இவர்களிடம் குறையவில்லை. ஆக, இது வில்சன் நோயின் குழந்தை வடிவமல்ல. அதே 1979-இல் நியூயார்க்கின் ஹான்ஸ் பாப்பர் தலைமையில் இன்னொரு கட்டுரையும் வந்தது. இவ்வளவு செம்பு செல்லை நேரடியாக நஞ்சூட்டுகிறது என்பது அதன் சாரம். அதில் கையெழுத்திட்டவர்களில் இர்மின் ஸ்டெர்ன்லீப், டெல்லியின் என்.சி. நாயக் ஆகிய இருவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இருவருமே எதிர் அணியில் நின்றார்கள்.

முதல் மறுப்பு, இத்தொடரில் நாம் பலமுறை கண்ட பித்தத் தேக்கத்திலிருந்தே எழுகிறது. உடலிலிருந்து செம்பு வெளியேறும் பெருவழி பித்தநீர் ஒன்றுதான். பித்தநீர் ஓட்டம் எந்தக் காரணத்தால் தடைபட்டாலும் செம்பு ஈரலில் தங்கும். பித்தநாளம் மூடிப் பிறக்கும் குழந்தைகளிடமும், நடுவயதுப் பெண்களை அதிகம் தாக்கும், அன்று பிரைமரி பிலியரி சிரோசிஸ் என்று அழைக்கப்பட்ட நோயிலும், வில்சன் நோயின் எல்லையைத் தொடுமளவு செம்பு சேர்வது தெரிந்த செய்தி. அப்படியானால் இந்தியக் குழந்தைகளின் ஈரலில் இருந்ததும் தேக்கத்தின் விளைவாக இருக்கலாமே? நியாயமான கேள்விதான். இதற்கு விடை வரிசையில் இருக்கிறது. பித்தத் தேக்க நோய்களில் காமாலை, அரிப்பு, வெளிறிய மலம் போன்ற தேக்கத்தின் அறிகுறிகள் முன்னே வரும். செம்பு மெல்லப் பின்னால் சேரும். இங்கே முறை தலைகீழ். காமாலை வருவதற்கு முன்பே எடுத்த ஈரல் துண்டுகளில் செம்பு குவிந்திருந்தது. அதன் அளவும் தேக்க நோய்களில் வழக்கமாகக் காண்பதை வெகுவாக மீறியது.

வரிசையை விட உறுதியான சான்று மருந்திலிருந்து வந்தது. எனக்கு இந்த வழக்கின் மையமே இதுதான். பிரைமரி பிலியரி சிரோசிஸில் செம்பு சேர்கிறது என்று தெரிந்ததும், அதை அகற்றினால் நோய் தணியும் என்ற நம்பிக்கையில் பல நாடுகளில் பெனிசிலமைனைச் சோதித்தார்கள். 1985-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 227 நோயாளிகளிடம் நடத்திய சோதனை முடிவு வெளியானது. செம்பு குறைந்தது, ஆயுள் நீளவில்லை. அங்கே செம்பு உடன் வந்த பயணி மட்டுமே என்பது அத்தோடு தெளிந்தது. அதே மருந்தை டேனரும் புனே குழுவினரும் இந்தியக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1987-இல் எழுதினார்கள். காமாலையும் நீர்க்கோப்பும் வந்தபின் தொடங்கினால் பயனில்லை. முன்கூட்டியே தொடங்கினால் ஒரு பகுதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே இறந்துகொண்டிருந்த நோயில் அது சிறிய செய்தியல்ல. 1996-இல் அதே குழு, சிகிச்சை பெற்று நோய் தொடங்கியதிலிருந்து மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த 29 குழந்தைகளைப் பற்றி எழுதியது. தொடர்ந்து எடுத்த ஈரல் துண்டுகளில் நார்த்திசு அடங்கி, சிலரிடம் ஈரல் ஏறக்குறைய இயல்பு நிலைக்கே திரும்பியிருந்தது. சிரோசிஸ் திரும்பாது என்று பாடம் படித்த தலைமுறைக்கு இது நம்ப முடியாத காட்சி. பெனிசிலமைன் செம்பை மட்டும் நீக்குவதில்லை. நார்த்திசு உருவாவதையும் தடுக்கும், நோயெதிர்ப்பையும் தணிக்கும். அதனால் பிழைத்திருக்கலாம் என்று வாதிடலாம். அந்தக் குணங்கள்தான் காப்பாற்றின என்றால் பிரைமரி பிலியரி சிரோசிஸிலும் அவை ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

சரி, செம்பு எங்கிருந்து வந்தது? 1983-இல் டேனரும் புனேயின் ஷீலா பாவே, பண்டிட் ஆகியோரும் காட்டிய திசை சமையலறை. பசும்பாலிலோ எருமைப்பாலிலோ இயல்பாக இருக்கும் செம்பு மிகக் குறைவு. அந்தப் பாலை ஈயம் பூசாத பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து, தாய்ப்பாலோடும் தாய்ப்பாலுக்குப் பதிலாகவும் முதல் மாதங்களிலேயே குழந்தைக்குக் கொடுத்த வீடுகளில்தான் நோய் மிகுதியாக இருந்தது. பாலின் கேசீன் புரதம் பாத்திரத்துச் செம்பைப் பற்றி வைத்துக்கொள்கிறது என்பதைப் பின்னர் ஓ'நீலும் டேனரும் சோதனையில் காட்டினார்கள். புளியும் மோரும் பித்தளையில் நின்றால் களிம்பேறும் என்பதை நம் சமையலறைகள் நன்றாக அறிந்திருந்தன. ஈயம் பூசும் தொழிலே அந்த அறிவின்மேல் நின்றது. ஆனால் பால் புளிப்புப் பொருளல்ல, களிம்பின் பச்சை அதில் தெரிவதில்லை, சுவை கெடுவதில்லை. அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் காரணமில்லை. வயதும் சதி செய்தது. கருவிலிருக்கும்போதே செம்பைச் சேமித்து வைப்பதால் பிறந்த குழந்தையின் ஈரலில் இயல்பாகவே பெரியவர்களைப்போல் பல மடங்கு செம்பு இருக்கும். பித்தநீரில் அதை வெளியேற்றும் திறன் முதிரச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் மேலும் செம்பு வந்தால் போக வழியில்லை. நடுத்தரக் குடும்பப் புதிரும் இங்கே அவிழ்கிறது என்று நினைக்கிறேன். பால் வாங்க வசதியற்ற வீட்டில் குழந்தைக்கு இந்த ஆபத்தே இல்லை. மண்சட்டியும் அலுமினியமும் புழங்கிய வீட்டிலும் இல்லை. மாடும் பித்தளையும் சேர்ந்திருந்த வீடுகள் நடுவில் இருந்தவை.

இங்கே ஸ்டெர்ன்லீப் திரும்பி வருகிறார். 1994-இல் அவரும், வில்சன் நோய் ஆய்வின் பெருந்தலையான ஹெர்பர்ட் ஷைன்பர்க்கும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மூன்று ஊர்களின் கணக்கை எடுத்து வைத்தார்கள். அங்கே குடிநீரில் லிட்டருக்கு 8.5 மில்லிகிராமுக்குக் குறையாமல் செம்பு இருந்தது. பித்தளைப் பாலோடு ஒப்பிடத்தக்க அளவு. 1969 முதல் 1991 வரை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அங்கே வாழ்ந்த காலத்தைக் கூட்டினால் 64,124 குழந்தை-ஆண்டுகள். ஈரல் நோயால் இறந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. செம்பு மட்டும் போதும் என்று சொன்னவர்களுக்கு இது பலத்த அடி. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு ஆறு ஆண்டு என்று வகுத்தால் ஏறத்தாழ 10,700 குழந்தைகள் மட்டுமே. செம்பைத் தாங்காத பிறவி இயல்பு பல ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்குமென்றால், பூச்சியம் என்ற விடை வியப்பளிப்பதல்ல. தவிர, ஆய்வு பார்த்தது மரணங்களை; முதல் ஆறு மாதத்தில் எத்தனை குழந்தைகள் குழாய்நீரில் கரைத்த பாலை மட்டுமே குடித்தார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. ஆக, இந்தக் கணக்கு செம்புக் கோட்பாட்டைக் கவிழ்க்கவில்லை. அதற்கு ஒரு துணை தேவை என்பதை நிறுவியது.

அந்தத் துணை இருப்பதற்கான சான்று இரண்டே ஆண்டில், இந்தியாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயில் இறந்ததை தாமஸ் முல்லரும் உடன் உழைத்தவர்களும் 1996-இல் வெளியிட்டார்கள். பண்ணை வீடுகளில் நீர் கலந்த பசும்பாலைச் சர்க்கரையோடு ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் சூடாக்கிப் புகட்டும் வழக்கம் அங்கே இருந்தது. ஆனால் அப்படிப் புகட்டப்பட்ட எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லை. குடும்பமரங்களை வரைந்தபோது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெறும் ஒடுங்கிய மரபுப் பண்பின் சாயல் தெரிந்தது. அது வில்சன் நோயின் மரபணுவும் அல்ல என்று 1998-இல் உறுதியானது. செம்புப் பாத்திரங்கள் போனதும் டிரோலிலும் நோய் போயிற்று. ஆர்க்னித் தீவுகளின் நார்த் ரொனால்ட்சே செம்மறிகளையும் இங்கே சொல்ல வேண்டும். தலைமுறைகளாகச் செம்பு குறைந்த கடற்பாசியைத் தின்று வாழ்ந்த அந்த ஆடுகள் சாதாரணப் புல்வெளிக்கு மாறினாலே செம்பு நஞ்சேறிச் சாகும். அவற்றின் ஈரல் மாற்றங்கள் இந்தக் குழந்தைகளின் ஈரலை ஒத்திருந்ததை சூசன் ஹேவுட் குழு 2001-இல் காட்டியது. ஓர் இனத்துக்குத் தீங்கற்ற அளவு, இன்னோர் இயல்புடையதைக் கொல்லும். மாசசூசெட்ஸ் ஏன் தப்பியது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக நாயக். 2013-இல் அவரும் சித்தலேயும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரை, செம்புக் கோட்பாடு உண்மையைவிட நம்பிக்கையின்மேல் நிற்கிறது என்று வாதிட்டது. நோயின் தொடக்கக் கட்டத்தில் சில ஈரல்களில் செம்பு தெரியவில்லை; நோயுற்ற சில குழந்தைகளின் வீட்டில் பித்தளைப் பால் இருந்ததாகத் தெரியவில்லை. இவை உண்மைகள், மழுப்ப முடியாது. ஆனால் திசுச் சாயங்கள் காட்டுவது ஓரிடத்தில் திரண்ட செம்பை. செல் முழுதும் பரவிக் கிடக்கும் செம்பு சாயத்துக்குத் தப்பிவிடும். பாத்திரமில்லாத வீட்டுக் குழந்தைகளைப் பொறுத்தவரை, அதே திசு அடையாளத்தைத் தரும் வேறு வழிகளும் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். செம்பைத் தாங்காத பிறவிப் பழுது மிகக் கடுமையாக இருந்தால் சாதாரண உணவுச் செம்பே அதற்குப் போதுமானதாகவும் இருக்கலாம். பத்தில் ஒன்பது வழக்குக்கு ஒரு காரணம் கிடைத்தால், பத்தாவது வழக்கு அந்தக் காரணத்தைப் பொய்யாக்குவதில்லை.

நோய் மறைந்ததே சான்று என்று சொல்பவர்களும் உண்டு. அதை மட்டும் வைத்து வாதிட நான் தயங்குவேன். 1970-கள் வரை பெரிய குழந்தை மருத்துவமனைகளில் வழக்கமாகக் கண்ட நோய் 1990-களின் இறுதியில் அபூர்வமானது. அந்தக் காலத்தில் பித்தளைக்குப் பதிலாக எவர்சில்வர் மட்டுமா வந்தது? தடுப்பூசி, டப்பாப் பால், சாலை, வருமானம் எல்லாமே வந்தன. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுவான முன்னேற்றத்தால் நோய் போயிருந்தால் மற்றக் குழந்தை ஈரல் நோய்களும் கூடவே குறைந்திருக்க வேண்டும். வைரஸ் காமாலை இருந்துகொண்டுதான் இருக்கிறது. பித்தநாளம் மூடிப் பிறக்கும் குழந்தைகள் இன்றும் வருகிறார்கள். வில்சன் நோயும் அப்படியே. பட்டியலிலிருந்து விடைபெற்றது இது ஒன்றுதான். டிரோலில் வேறொரு பொருளாதாரத்தில், வேறொரு காலத்தில் அதே விடைபெறல் நடந்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக அகன்றது பாத்திரம்.

நோய் இப்படி அவசரமாகப் போனதில் அறிவியலுக்கு ஓர் இழப்பும் உண்டு. தாங்காத இயல்பைத் தரும் மரபணு இன்னும் பிடிபடவில்லை. நாய்களின் ஒரு வகையில் செம்பு தேங்கக் காரணமான மரபணுவை 2002-இல் கண்டுபிடித்ததும் அதை இவ்வகைச் செம்பு நோயுள்ள குழந்தைகளிடம் தேடினார்கள், அது இல்லை. நவீன மரபணு வாசிப்புக் கருவிகள் வந்தபோது வாசிக்கக் குழந்தைகள் இல்லை. அந்த இயல்பைச் சுமப்பவர்கள் மட்டும் நம்மிடையே முன்போலவே பிறந்துகொண்டிருக்க வேண்டும். எவர்சில்வரில் பால் குடித்து வளர்வதால் அவர்களைக் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. செம்புக் குடுவையும் பித்தளைப் பாத்திரமும் இப்போது ஆரோக்கியத்தின் பெயரில் கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. பெரியவர்கள் அதில் நீர் அருந்துவதைத் தடுக்க இந்த வரலாற்றில் எந்தச் சான்றும் இல்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கான பாலை அதில் காய்ச்சவோ வைக்கவோ கூடாது என்பதற்குப் போதுமான சான்று இருக்கிறது.

பித்தநாளம் மூடிப் பிறக்கும் குழந்தைகளை இந்தக் கட்டுரையில் இரண்டு முறை தொட்டுவிட்டு நகர்ந்தோம். அவர்களுக்கு இருந்த ஒரே எதிர்காலம் மரணம் என்ற நிலையை 1950-களில் ஜப்பானின் செண்டாய் நகரத்தில் மொரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் மாற்றினார். அவருடைய அறுவையை மேலை நாடுகள் நம்பப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)